வத்ராப்பிலிருந்து ஒரு கார்பன் தாள்

நாடே ‘சிப்’ பற்றிப் பேசுகிறது. அந்தப் பேச்சின் வேர்களில் ஒன்று மதுரைச் சமவெளியின் ஓரத்தில், சதுரகிரி அடிவாரத்தில் இருக்கிறது.

பென்சிலைச் சீவி ஒரு காகிதத்தில் அழுத்திக் கோடு போடுங்கள். விரலில் ஒட்டும் அந்தக் கரியில், ஒரே ஓர் அணு பருமன் மட்டுமே உள்ள தாள்களும் கிடக்கலாம். அந்தத் தாளுக்குப் பெயர் கிராஃபீன். நானோ ஆய்வுக்கூடங்களில் இன்று அதிகம் புழங்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. ஆய்வு மாணவி ஒருத்தி அப்படியொரு துணுக்கைப் பிரித்தெடுத்தால், அதை உடனே ராமன் நிறமாலைமானியின் அடியில் வைப்பாள். லேசர் ஒளி அதன்மேல் பட்டுச் சிதறும். கணினித் திரையில் முகடுகள் எழும். அவற்றின் வடிவத்தைப் பார்த்தே ஒரு தாளா, இரண்டா, பத்தா என்று சொல்லிவிடுவாள்.

இதில் கருவி ஒன்று, பொருள் ஒன்று. அந்தக் கருவிக்கு அடிப்படையான ஒளிச்சிதறலை 1928-இல் கண்டபோது சி.வி.ராமனுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் ஒருவர். கிராஃபைட்டுக்குள் மின்சாரம் தாள்தாளாகத்தான் ஓடுகிறது என்று 1930-களில் அளந்து காட்டியவர் ஒருவர். இருவரும் ஒரே ஆள்தான். வத்திராயிருப்புக்காரர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். உலகம் அறிந்த பெயர் கே.எஸ்.கிருஷ்ணன்.

2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்க்குச் செமிகண்டக்டர் திட்டம் அறிவித்தது. 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு 500 கோடி ரூபாயில் ‘தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கம் 2030’ என்று அறிவித்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளையை வைத்திருக்கும் மதுரைக் குடும்பங்களில் இப்போது, “சிப் படிப்பு எங்கே சார் இருக்கு?” என்பதுதான் பேச்சு. படிப்பு எங்கே என்று தேடும் முன், இந்தத் துறையில் ஓர் ஆள் எப்படி உருவாகிறார் என்று பார்த்துவிடலாம். அதற்குக் கிருஷ்ணனைவிடப் பக்கத்தில் வேறு உதாரணம் நமக்கு இல்லை.

மலையடிவாரத்துப் பையன்

மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. ஊர்க்காரர் வாயில் அது வத்ராப். இன்றைய விருதுநகர் மாவட்டம். மேற்கே மலை, மலைக்கு இப்பால் தென்னந்தோப்பும் நெல்வயலும். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறப் போகும் கூட்டத்துக்கு இந்த ஊர் பழக்கம்.

1898 டிசம்பர் 4-ஆம் தேதி கிருஷ்ணன் பிறந்தது இங்கேதான். அப்பா விவசாயம் பார்த்தவர். தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். உயர்நிலைப் பள்ளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் இந்துப் பள்ளி. அதன் பிறகு மதுரை. 1881-இல் பசுமலையில் தொடங்கி, பின்னர் வைகையின் வடகரைக்கு இடம் மாறிய அமெரிக்கன் கல்லூரியில் படிப்பு. அங்கிருந்து சென்னை கிறித்தவக் கல்லூரி. கிராமம், தாலுகா ஊர், ஜில்லாத் தலைநகர், பட்டணம் என்று அந்தக் காலத்துக் கெட்டிக்காரப் பையன்கள் எல்லாரும் ஏறிய படிகள்தான் இவை. இந்த வரிசையில் பலர் வக்கீல் ஆனார்கள், தாசில்தார் ஆனார்கள். கிருஷ்ணனின் பாதை பிரிந்தது அடுத்த படியில்.

மதிய இடைவேளை வகுப்பு

பட்டம் முடித்ததும் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. பேராசிரியர் இல்லை, விரிவுரையாளரும் இல்லை. சோதனைக்கூடத்தில் மாணவர்களுக்கு மேஜை மேஜையாகச் செய்து காட்டும் வேலை. படிநிலையில் கீழ்த்தட்டுதான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் ஒரு காரியம் செய்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம். இயற்பியல், வேதியியல், கணிதம் எதில் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று வைத்தார். பாடத்திட்டம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. கேள்விப்பட்டுப் பிற கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். விடை சொல்வதற்காக அவரும் மூன்று துறையும் படித்தாக வேண்டியிருந்தது. பின்னாளில் அவர் செய்த ஆய்வுகளைப் பார்த்தால் எது இயற்பியல், எது வேதியியல் என்று கோடு கிழிக்க முடியாது. இன்று அதற்குப் ‘பொருளறிவியல்’ என்று தனிப்பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெயர் வருமுன்பே அதற்கான பழக்கம் அவருக்கு அந்த மதிய வேளைகளில் படிந்திருந்தது.

பவுபஜார் தெரு

1920-இல் கல்கத்தா போனார், ராமனிடம் இயற்பியல் படிப்பதற்காக. 1923-இல் பவுபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். அந்தக் கழகத்தின் கதையும் கேட்கத்தக்கது. மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காள மருத்துவர் நன்கொடை திரட்டி 1876-இல் தொடங்கியது அது. 1907-இல் நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த ராமன், தெருவில் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அனுமதி கேட்டார், கிடைத்தது. ஆபீஸ் முடிந்து வந்து ஆய்வு செய்தார். வெளியாளுக்குக் கதவு திறந்த கூடம் அது.

1928 தொடக்கத்தில் ராமனும் கிருஷ்ணனும் ஒளிச்சிதறலில் இறங்கினார்கள். தூய்மைப்படுத்திய திரவம், வெயில், வண்ண வடிகட்டிகள், உற்றுப் பார்க்கப் பழகிய கண். சுமார் 60 திரவங்களில் சோதித்தார்கள். உள்ளே போன ஒளியின் நிறம் ஒன்று, சிதறி வந்ததில் வேறு நிறமும் கலந்திருந்தது. அதைக் கண்ட பிப்ரவரி 28 இன்றும் தேசிய அறிவியல் நாள். ‘நேச்சர்’ இதழில் மார்ச் 31 அன்று வெளிவந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உண்டு. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

கிருஷ்ணனுக்குப் பங்கு கிடைத்திருக்க வேண்டுமா என்று நம் ஊர் மேடைகளில் இன்றும் பேசுகிறோம். பரிசு அறிவிப்பு வந்தபோது கிருஷ்ணன் கல்கத்தாவிலேயே இல்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர். சத்யேந்திரநாத் போஸ் இருந்த இயற்பியல் துறை அது. ஒளியை விட்டுவிட்டுப் படிகத்தைக் கையில் எடுத்திருந்தார்.

இழையில் தொங்கிய படிகம்

எந்தப் பொருளும் காந்தத்துக்குக் கொஞ்சமாவது அசையும். சில கொஞ்சம் இழுபடும், சில கொஞ்சம் விலகும். படிகங்களில் ஒரு விசேஷம்: எந்தத் திசையில் காந்தம் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அசைவு மாறும். அந்த வேறுபாட்டை அளந்தால், கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லலாம். ஆனால் அளவு மிகமிகச் சிறியது.

அதற்கு அவரும் மாணவர்களும் ஒரு வழி கண்டார்கள். முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னப் படிகத்தைக் கட்டி, காந்தப் புலத்தில் தொங்கவிடுவது. இழையின் மேல்முனையை மெல்லத் திருகிக்கொண்டே போவது. படிகம் காந்தத்தின் பிடியில் திரும்ப மாட்டேன் என்று நிற்கும். முறுக்கு ஏற ஏற, ஒரு கட்டத்தில் சட்டென்று புரண்டுவிடும். அது புரண்ட கோணத்தைக் குறித்துக்கொண்டால் போதும், மீதி கணக்கு. இழை, காந்தம், திருகு, பொறுமை. 1933-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் குகா, பானர்ஜி ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை வந்தது. அந்த ஆண்டே பவுபஜார் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார்.

இழையில் தொங்கிய படிகங்களில் ஒன்று கிராஃபைட். பென்சில் கரி. 1934-இல் அதன் காந்தக் குணத்தைப் பற்றி எழுதினார்: தாளுக்குக் குறுக்காகக் காந்தம் காட்டினால், தாளோடு ஒட்டிக் காட்டுவதைவிடப் பல பத்து மடங்கு எதிர்ப்பு. 1939-இல் கங்குலி என்ற மாணவருடன் மின்சாரத்தை அளந்தார். தாளின் போக்கில் மின்சாரம் தாராளமாக ஓடுகிறது. தாளுக்குத் தாள் தாவச் சொன்னால் பத்தாயிரம் மடங்கு அளவில் திணறுகிறது.

மதுரைக்காரருக்கு இதைப் பரோட்டாவை வைத்தே சொல்லிவிடலாம். கிராஃபைட் அடுக்கடுக்கானது. ஒவ்வோர் அடுக்கிலும் கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகக் கைகோத்து நிற்கின்றன. அடுக்குக்கும் அடுக்குக்கும் ஒட்டு குறைவு; அதனால்தான் பென்சில் தேய்த்தால் உரிந்து வருகிறது. ஒரு மில்லிமீட்டர் பருமனில் சுமார் 30 லட்சம் அடுக்குகள். ஒவ்வொரு கார்பனும் மூன்று பக்கம் கைகொடுத்தது போக, நாலாவது எலக்ட்ரான் சும்மா இருக்கிறது. அது தன் அடுக்குக்குள் இஷ்டம்போலச் சுற்றும். மேலடுக்குக்குப் போகப் படிக்கட்டு இல்லை. கங்குலியுடன் 1941-இல் எழுதிய விரிவான கட்டுரையின் பொருளே கிராஃபைட்டின் இந்தச் சுதந்திர எலக்ட்ரான்கள்தான்.

1947-இல் பி.ஆர்.வாலஸ் என்ற இயற்பியலாளர் கிராஃபைட்டின் எலக்ட்ரான்களைக் கணக்கிட, ஒற்றைத் தாளிலிருந்து தொடங்கினார். காகிதத்தில் மட்டும் இருந்த அந்தத் தாளை 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் கையில் எடுத்தார்கள். எடுத்த விதம்? ஒட்டும் டேப்பைக் கிராஃபைட்டில் ஒட்டி உரித்து, உரித்ததை மறுபடி உரித்து. 2010-இல் நோபல் பரிசு. கிருஷ்ணனின் குவார்ட்ஸ் இழைக்கும் இந்தச் செல்லோடேப்புக்கும் நடுவில் 70 வருடம். குணம் ஒன்றுதான்.

கிராஃபீன் மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்துவதே சிப்புக்கு இடைஞ்சல். சிப்புக்கு வேண்டியது சொன்னால் ஓடி, சொன்னால் நிற்கும் பொருள், அதுதான் செமிகண்டக்டர். கிராஃபீன் நிற்காது. அதனால் சிலிக்கானின் ராஜ்ஜியம் தொடர்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் குழு ஒன்று, சிலிக்கான் கார்பைடு மேல் வளர்த்த கிராஃபீனைச் செமிகண்டக்டராக நடக்கவைத்ததாக அறிவித்தது. கதை முடியவில்லை.

டெல்லியில் மீண்டும் கரி

1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-இல் அலகாபாத் பேராசிரியர். அங்கே பாட்டியா என்ற மாணவருடன், உருகிய உலோகங்கள் மின்சாரத்தைத் தடுப்பது எப்படி என்று எழுதினார். ஏறக்குறைய அதே வழியில் ஜான் ஜைமன் 1961-இல் வந்து சேர்ந்த பிறகுதான் உலகம் அந்தக் கட்டுரையைத் திரும்பிப் பார்த்தது.

1947-இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார் நேரு. முதல் இயக்குநர் கிருஷ்ணன். கட்டடம், பட்ஜெட், கமிட்டி, விருந்தாளிகள் என்று பலரை ஆய்விலிருந்து பிரித்துவிடும் நாற்காலி அது. அவர் அங்கேயும் கூடத்தை விடவில்லை. வெற்றிடத்தில் பழுக்கக் காய்ச்சிய பொருளிலிருந்து எலக்ட்ரான்கள் எப்படி எகிறி வெளியேறுகின்றன என்று எஸ்.சி.ஜெயின் என்ற இளைஞருடன் அளந்தார். ‘உலோகங்களும் செமிகண்டக்டர்களும்’ பற்றிய அந்தக் கட்டுரை வரிசையின் முதல் பாகம் 1952-இல் வந்தது. எடுத்துக்கொண்ட பொருள் கிராஃபைட். டாக்கா நாள்களில் தொடங்கிய படிக வேலை டெல்லியிலும் அதே கரியில் வந்து நின்றது. அந்த ஜெயின் பிற்பாடு டெல்லியின் திடநிலை இயற்பியல் ஆய்வகத்துக்கு இயக்குநரானார். சிலிக்கான்–ஜெர்மேனியம் அடுக்குகள் குறித்து நூல் எழுதினார். செமிகண்டக்டர் ஆய்வில் வம்சாவளி இப்படித்தான் போகிறது, ஒரு கூடத்தின் மேஜையிலிருந்து அடுத்ததற்கு.

1954-இல் பத்மபூஷண், 1958-இல் பட்நாகர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது கிருஷ்ணனுக்கு. 1961 ஜூன் 14-இல் காலமானார். டெல்லியில் அந்த ஆய்வகம் இருக்கும் சாலைக்கு அவர் பெயர்.

சிவகங்கைக் கரி, காரைக்குடிக் கூடம்

மதுரைக்குக் கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் சிவகங்கை. அங்கே பூமிக்கடியில் கிராஃபைட் இருக்கிறது. தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் அதை வெட்டியெடுத்து, சுத்திகரிக்கும் ஆலையும் நடத்துகிறது. உலோகம் உருக்கும் மூசைக்கும், சூடு தாங்கும் செங்கலுக்கும் போன பொருள். இப்போது அதற்கு இன்னொரு கிராக்கி வந்திருக்கிறது. செல்போனிலும் மின்சார ஸ்கூட்டரிலும் உள்ள லித்தியம் பேட்டரியின் ஒரு முனை பெரும்பாலும் கிராஃபைட்தான். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் அந்த அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன, ஆறு கார்பனுக்கு ஒன்று என்ற கணக்கில். அடுக்குக்கும் அடுக்குக்கும் ஒட்டு குறைவு என்ற குணம்தான் இங்கே இடம் கொடுக்கிறது. பேட்டரித் தர கிராஃபைட்டில் சீனாவின் கை ஓங்கியிருக்கிறது. 2023 டிசம்பர் முதல் ஏற்றுமதிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று அது விதித்தபோது உலகமே விழித்துக்கொண்டது.

சிவகங்கையைத் தாண்டினால் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, நேரு 1948-இல் அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. ஊர்வாயில் ‘செக்ரி’. அரிமானத் தடுப்பிலிருந்து லித்தியம் பேட்டரி வரை அங்கே வேலை நடக்கிறது. 1988 முதல் பி.டெக். படிப்பும் உண்டு. கரி கிடைக்கும் மண்ணும் கரியை ஆராயும் கூடமும் ஒரே மாவட்டத்தில். மீதிப் பாதி, அதாவது கரியைப் பேட்டரித் தரத்துக்கு ஏற்றி, அதை வைத்துப் பொருள் செய்யும் தொழில், இங்கே இன்னும் வேரூன்றவில்லை.

மதுரையிலேயே இருந்து சாதித்தவரும் உண்டு. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், சூடான ஜல்லியின்மேல் கழிவு பிளாஸ்டிக்கைத் தூவினால் அது மெல்லிய படலமாகப் போர்த்திக்கொள்கிறது, அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டார். சாலை போட்டுக் காட்டினார். 2006-இல் காப்புரிமை, 2018-இல் பத்மஸ்ரீ. நானோ அளவில்லை, ஜல்லி அளவு. ஆனால் ஒரு பொருளின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்ற கேள்வி அதேதான்.

இன்று படிக்கிற பிள்ளைக்கு

வழி நீளமானது, சொல்லிவிடுவோம். பி.எஸ்சி. இயற்பியல் அல்லது வேதியியல் மூன்று வருடம். ஜாம் தேர்வு எழுதி ஐஐடியிலோ, நம் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. இரண்டு வருடம். சி.எஸ்.ஐ.ஆர்.–நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பி.எச்டி. அதற்கு ஐந்தாறு வருடம். பிறகு வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ போஸ்ட்–டாக். ‘செட்டில்’ ஆகும்போது வயது முப்பதைத் தாண்டும். பொறியியல் வழியில் போகிறவர்களுக்கு சனந்தில் மைக்ரான், தோலேராவில் டாடா என்று குஜராத்தில் ஆலைகள் எழுகின்றன. அங்கே வேண்டியிருப்பதும் பொருளின் குணம் தெரிந்த ஆட்கள்தான்.

கருவிக்கு என்ன செய்வது? சிப் செய்யும் சுத்த அறை ஒன்றின் விலைக்கு ஒரு கல்லூரியையே கட்டலாம். எல்லாக் கல்லூரியாலும் முடியாது, தேவையும் இல்லை. 2007-இல் 1,000 கோடி ரூபாயில் நானோ மிஷன் தொடங்கிய மறு ஆண்டே இன்னொரு திட்டமும் வந்தது. பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் பம்பாய் ஐஐடியிலும் உள்ள நானோ கூடங்களை வெளிக் கல்லூரி ஆய்வாளர்கள் வந்து பயன்படுத்தலாம் என்ற திட்டம் அது. பின்னர் சென்னை ஐஐடி உள்பட மேலும் சில இடங்களுக்கு விரிந்தது. பவுபஜார் தெருவில் ராமனுக்குத் திறந்த கதவின் இன்றைய வடிவம் இது. விண்ணப்பிக்க வேண்டும், மதுரைக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் அதைக் கேள்விப்பட்டு, மாணவனிடம் சொல்ல வேண்டும்.

அந்தக் கடைசி வரியில்தான் நான் தயங்குகிறேன். நான் பி.எஸ்சி. படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். இயற்பியல் கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் அருமையான நிறமாலைமானி ஒன்று இருந்தது. மூன்று வருடமும் நாங்கள் பார்த்தது பூட்டை. “உடைஞ்சா ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யார் தம்பி பதில் சொல்றது?” என்பார் அட்டெண்டர். அவர் கேள்வியும் நியாயம். அவர் சம்பளத்தில்தானே பிடிப்பார்கள். பிராக்டிகல் நோட்டில் போன வருட அண்ணன்களின் அளவுகளைப் பார்த்து எழுதினோம், விடை சரியாக வந்தது, நூற்றுக்கு நூறு வாங்கினோம்.

கிருஷ்ணன் ஏறிய ஏணியை எண்ணிப் பார்க்கிறேன். தாலுகா ஊரில் ஒரு நல்ல பள்ளி, மதுரையில் ஒரு கல்லூரி, பட்டணத்தில் ஒரு சின்ன வேலை, வெளியாளை உள்ளே விடும் ஒரு கூடம். நாலும் இன்று நம்மிடம் இருக்கின்றன, அன்றைவிட அதிகமாகவே. அவர் தானாகச் சேர்த்தது அந்த மதிய ஒரு மணி நேரம். அதற்கு 76,000 கோடி வேண்டாம். அலமாரிச் சாவி வேண்டும், சாப்பாட்டுக் கேரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘கேளுங்கப்பா’ என்று உட்கார ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் வேண்டும்.